பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே: எப்போது அவசியம், எப்போது தவிர்க்கலாம்?

"எக்ஸ்ரே எடுத்தா பிள்ளைக்குப் பின்னால ஏதும் வந்துடுமா?" மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பள்ளி விடுமுறை விட்டால் போதும். வேப்ப மரத்திலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுந்து கையை ஒடித்துக்கொண்ட பிள்ளை தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். சாத்தூருக்கோ சிவகாசிக்கோ கோவில்பட்டிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். போனவுடன் கேட்கும் முதல் வார்த்தை, "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

அந்தத் தாய்மாருக்கு "ஒன்றும் ஆகாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது சரியான பதிலும்கூட. ஆனால் முழுப் பதில் அல்ல. விரலுக்கு எடுக்கும் படமும் முதுகெலும்புக்கு எடுக்கும் படமும் ஒன்றல்ல. ஒரு முறை எடுப்பதும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாததால் இரண்டு விதமான பாதிப்பு நம் குடும்பங்களில் நடக்கிறது.

ஒன்று, பயம். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் படமே வேண்டாம் என்று ஒதுங்கி, எண்ணெய் போட்டு நீவிக் கட்டுக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவில் இது பெரிய ஆபத்து. அங்கேதான் கைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. எலும்பு விலகிய நிலையில் இறுக்கிக் கட்டினால் கை கோணலாகிப் போவது மட்டுமல்ல, விரல்களே இயங்காமல் போகக்கூடும்.

மற்றொன்று, அவசரம். முதலில் ஓர் ஆஸ்பத்திரி, மனம் ஒப்பாமல் இன்னொன்று, பிறகு மாமனார் சொன்னார் என்று கட்டுப் போடும் வைத்தியர். மூன்று இடத்திலும் மூன்று புதிய படங்கள். பத்து நாளுக்குள் ஒரே கைக்கு ஆறு பிலிம் எடுத்தவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆறிலும் தெரிவது அதே முறிவுதான்.

எனவே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்களைச் சற்று விரிவாகவே இங்கே தருகிறோம்.

கதிர்வீச்சு என்றால் எவ்வளவு?

ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று இந்தக் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. அப்போது இதன் ஆபத்து யாருக்கும் தெரியவில்லை. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் தன் கையையே வைத்துக் கருவியைச் சோதித்துவந்த கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர் புற்றுநோய் கண்டு, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். அதற்குப் பிறகும் உலகம் உடனே பாடம் கற்கவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1920களிலிருந்து 1950கள் வரை செருப்புக் கடைகளிலேயே எக்ஸ்ரே பெட்டி இருந்தது. ஷூ சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளின் காலை அதற்குள் விடச் சொல்வார்கள்! வியாபாரத்துக்காக எதையும் செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இன்றைய கருவிகள் அப்படிப்பட்டவை அல்ல. கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். எக்ஸ்ரே பக்கமே போகாத மனிதருக்கும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கலந்த மணல் இருப்பதால் அங்கே இது இன்னும் கூடுதல்.

இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் எளிதாக விளங்கும். கைக்கோ பாதத்துக்கோ எடுக்கும் ஒரு படத்தில் கிடைப்பது சுமார் 0.001 மில்லிசீவர்ட். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாலு மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும் அளவு இது. ஆனால் பெரியவர்களுக்கு இடுப்பெலும்புப் படத்தில் சுமார் 0.6, கீழ் முதுகுப் படத்தில் சுமார் 1.5 மில்லிசீவர்ட் வரை போகிறது. அதாவது மூன்று மாதத்து அளவும் ஏழு மாதத்துக்கு மேற்பட்ட அளவும் ஒரே நொடியில். பிள்ளைகளின் உடல் சிறியது என்பதால் கருவியைச் சரியாகக் குறைத்து வைத்தால் இதைவிடக் குறைவாகவே போதும். குறைத்து வைக்காவிட்டால்தான் பிரச்சினை.

ஆகவே கை, முன்கை, பாதம், கணுக்கால் ஆகியவற்றுக்கு ஒரு படம் என்றால் தயங்கவே வேண்டாம். இடுப்பு, முதுகெலும்பு, சி.டி. ஸ்கேன் என்றால் மட்டும் "இது இல்லாமல் பார்க்க முடியாதா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

பிள்ளையின் உடலில் செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன. பெருகும் செல்லைத்தான் கதிர் எளிதில் பாதிக்கிறது. பெரியவர்களுக்கு இரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை பெரும்பாலும் நடு உடம்பின் எலும்புகளில்தான் இருக்கும்; சிறு பிள்ளைகளுக்கோ கை கால் எலும்புகளிலும் இருக்கிறது. உடம்பு சிறியதாக இருப்பதால், முழங்கைக்கு வைத்த கதிர் சற்று அகலமாகப் போனாலே நெஞ்சும் வயிறும் அதற்குள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதிரால் ஏதேனும் தீங்கு வருமென்றால் அது பத்து, இருபது, முப்பது ஆண்டு கழித்தே வெளிப்படும். அறுபது வயது முதியவருக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்ஷா அல்லாஹ் வாழ்க்கை முழுவதும் முன்னால் இருக்கிறது. ஜப்பானில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சிறு வயதில் கதிர்பட்டவர்களுக்குப் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரியவந்தது.

முதுகு வளைந்த பிள்ளைகளின் கதை

எலும்பு மருத்துவத்தில் எக்ஸ்ரே உண்மையிலேயே தீங்கு செய்ததற்கு மருத்துவ உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. வளரும் பருவத்தில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து போகும் ஸ்கோலியோசிஸ் என்ற குறை அது. வளைவு கூடுகிறதா என்று பார்க்கக் கழுத்திலிருந்து இடுப்புவரை முழுப் படம் எடுத்துக் கோணத்தை அளப்பார்கள். ஒரு முறை எடுத்து முடிகிற விஷயம் அல்ல. பிள்ளை வளர்ந்து முடியும்வரை சில மாதங்களுக்கு ஒரு முறை எடுக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை 14 எலும்பு மருத்துவ மையங்களில் இப்படிச் சிகிச்சைக்கு வந்த 5,573 பெண்களைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடிக் கணக்கெடுத்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக 25 எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: அந்தப் பெண்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 77 பேர். அதே வயதுள்ள பொதுவான பெண்களை வைத்துப் பார்த்தால் சுமார் 46 பேர்தான் இறந்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி நேர்ந்தது? பழைய கருவிகளில் ஒரு படத்துக்கான கதிர் மிக அதிகம். அதோடு, பிள்ளையை எக்ஸ்ரே குழாயைப் பார்த்து நிற்கவைத்து முன்பக்கமிருந்து கதிரைச் செலுத்தினார்கள். வளர்ந்துகொண்டிருந்த மார்பில் கதிர் முழு வேகத்தோடு முதலில் பட்டது. எலும்பு இருப்பதோ முதுகில்!

இதற்குக் கண்ட தீர்வு வேடிக்கையான அளவுக்கு எளியது. பிள்ளையைத் திரும்பி நிற்கவைத்தார்கள். முதுகு வழியாகக் கதிர் நுழைந்தால் மார்புக்கு வந்து சேரும் அளவு பல மடங்கு குறைந்துவிடுகிறது. முதுகெலும்பின் கோணம் முன்போலவே தெளிவாகத் தெரிகிறது. ஒரு காசு செலவில்லை, புதிய கருவி தேவையில்லை. இன்று வளைவைத் தொடர்ந்து கண்காணிக்கும் படங்களை இப்படி எடுப்பதே முறை. 1992இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பக்கின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டு, மிகக் குறைந்த கதிரில் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே நேரத்தில் எடுக்கும் ஈ.ஓ.எஸ். என்ற கருவியும் வந்திருக்கிறது. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. திரும்பி நிற்பதற்கு எந்த ஊராக இருந்தால் என்ன?

உங்கள் பிள்ளைக்கு முதுகு வளைவு இருந்து தொடர்ந்து படம் எடுத்துவந்தால், டெக்னீஷியனிடம் "முதுகுப் பக்கமிருந்து எடுக்கலாமா?" என்று கேளுங்கள். மருத்துவரிடம், "ஒவ்வொரு முறையும் பக்கவாட்டுப் படமும் வேண்டுமா? அடுத்த படம் எத்தனை மாதம் கழித்துப் போதும்?" என்று கேளுங்கள். வளர்ச்சி வேகமாக உள்ள வயதில் நாலிலிருந்து ஆறு மாத இடைவெளி வழக்கம். வளைவு சிறியதாக இருந்து வளர்ச்சியும் முடிந்துவிட்டால் இடைவெளியை இன்னும் நீட்டலாம்.

முதல் சந்தேகத்தைத் தீர்க்க எக்ஸ்ரேயே தேவையில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளையைத் தாய் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, உள்ளங்கைகளை இணைத்து, முழங்காலை மடக்காமல் முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தூக்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படமே தேவைப்படாத இடங்கள்

சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்குவது, கரகரவென்று சுற்றி விளையாட்டுக் காட்டுவது, ரோட்டைக் கடக்கும்போது வெடுக்கென்று இழுப்பது எல்லாம் நம் வீடுகளில் சாதாரணம். ஒன்றிலிருந்து நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இதனால் முழங்கை மூட்டில் சிறு எலும்பு நழுவிவிடும். பிள்ளை வீறிட்டு அழும். பிறகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசைக்க மறுக்கும். வீக்கம் இருக்காது. இழுத்ததால் வந்தது என்பது தெளிவாக இருந்தால் மருத்துவர் படம் எடுக்காமலே கையைத் திருப்பிச் சரிசெய்துவிடுவார். சற்று நேரத்தில் பிள்ளை அதே கையால் பிஸ்கட் வாங்கித் தின்னும். இழுத்தீர்களா, விழுந்ததா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அத்தாதான் இழுத்தார் என்று சொல்லத் தயங்கி "விழுந்துட்டான்" என்று மாற்றிச் சொன்னால், தேவையில்லாத எக்ஸ்ரேக்குப் பிள்ளை போக நேரிடும். விழுந்தது உண்மையானால் எக்ஸ்ரே அவசியம்தான்.

கால் வில்லாக வளைந்திருக்கிறது என்று நடை பழகும் பிள்ளைகளைப் பலர் அழைத்துப் போகிறார்கள். இரண்டு வயதுவரை முழங்கால் வெளிப்பக்கம் வளைந்திருப்பதும், மூன்று நாலு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுவதும், ஏழு வயதுக்குள் தானாக நேராவதும் இயல்பு. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு நாளுக்கு நாள் கூடினாலோ, பிள்ளை மிகக் குள்ளமாக இருந்தாலோதான் படமும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கிராஃப் என்ற மருத்துவர் 1980இல் கொண்டுவந்த முறை இது. அதில் கதிர்வீச்சு இல்லை. முதல் சில மாதங்களில் தொடையெலும்பின் தலைப்பகுதி வெறும் குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் அது தெரியவும் தெரியாது. குழந்தை வயிற்றில் தலை மேலாக இருந்து பிறந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்தாலோ முதல் மாதங்களிலேயே கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு மாதம் தாண்டிவிட்டால் எக்ஸ்ரேதான் வழி. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கால்களை நேராக நீட்டித் துணியில் இறுக்கிச் சுற்றும் பழக்கம் குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. நம் பெண்கள் பிள்ளையை இடுப்பில் கால் அகட்டி வைத்துத் தூக்கும் முறை மிகவும் நல்லது.

பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறக்கும் குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை மாவுக்கட்டு மாற்றிச் சரிசெய்யும் பொன்செட்டி முறை இருக்கிறது. அதற்கு மருத்துவரின் கண்ணும் கையுமே அளவுகோல். வழக்கமாக எக்ஸ்ரே தேவைப்படாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறையும் இடுப்பு மூட்டுக் குறையும் சேர்க்கப்பட்டிருப்பதால், அரசு மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

கணுக்கால் பிசகியதற்கெல்லாம் படம் வேண்டுமா என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஒரு விதி வகுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது பொருந்துகிறது. நாலு அடி எடுத்து வைக்க முடிந்து, கணுக்கால் மொட்டுகளின் பின்புறத்திலும் கீழ் நுனியிலும் அழுத்தினால் எலும்பில் வலி இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதை வீட்டில் முடிவு செய்ய வேண்டாம். மருத்துவர் தொட்டுப் பார்த்து "எக்ஸ்ரே வேண்டாம்" என்றால் அவர் அக்கறையில்லாமல் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம். "எதுக்கும் ஒரு படம் எடுத்துடுங்க சார்" என்று வற்புறுத்துவது பெரும்பாலும் நாமாகத்தான் இருக்கிறோம்.

மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முழுதாக ஒடியாமல் ஒரு பக்கம் மட்டும் லேசாக நசுங்கும் முறிவு பிள்ளைகளுக்கு மிகச் சாதாரணம். இதற்கு மாவுக்கட்டு தேவையா, திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டுமா என்று பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 965 பிள்ளைகளைக் கொண்டு சோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். மெல்லிய பேண்டேஜ் சுற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கும் கெட்டியான கட்டுப் போட்ட பிள்ளைகளுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. ஆகவே முதல் படத்தில் இந்த வகை முறிவுதான் என்று உறுதியானால், "கூடிடுச்சான்னு பார்க்க" இன்னொரு படம் வேண்டியதில்லை.

அடிபட்ட கையோடு ஒப்பிட அடிபடாத கையையும் படம் எடுக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சந்தேகம் தீராதபோது மட்டும் அது தேவைப்படும், எல்லாருக்கும் அல்ல.

மறுக்கவே கூடாத நேரங்களும் உண்டு. கை கால் கோணலாகத் தெரிகிறது, முழங்கை வீங்கிவிட்டது, பிள்ளை காலை ஊன்ற மறுக்கிறது, காய்ச்சலோடு நொண்டுகிறது, இரவில் எலும்பு வலியால் விழித்து அழுகிறது, ஓரிடத்தில் வீக்கம் கூடிக்கொண்டே போகிறது என்றால் அன்றே போக வேண்டும். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை, அதிலும் சற்றுப் பருமனான பிள்ளை, தொடையிலோ முழங்காலிலோ வலி என்று நொண்டி நடந்தால் இடுப்பு மூட்டுப் படம் கட்டாயம்; தொடையெலும்பின் தலை நழுவத் தொடங்கியிருக்கலாம். பட்டாசு வெடித்துக் கை சிதைந்தால் எலும்பு நிலையையும் உள்ளே தங்கிய துகளையும் பார்க்கப் படம் வேண்டும். இங்கெல்லாம் எக்ஸ்ரேயை விட எக்ஸ்ரே எடுக்காமல் இருப்பதே ஆபத்து.

எக்ஸ்ரே அறைக்குள்

ஒரே படத்தைத் திரும்ப எடுக்க வேண்டிவருவதற்கு முதல் காரணம் பிள்ளை அசைவது. இரண்டாவது, குறுக்கே ஏதாவது உலோகம் வருவது. அரைஞாண் கொடி, தாயத்து, கொலுசு, வளையல், உலோகப் பட்டன், தலைத்துணியில் குத்திய பின் எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். இடுப்புக்கும் முதுகுக்கும் படம் எடுக்கும்போது பெண் பிள்ளைகளுக்கு மேலங்கி கேட்கலாம். பெண் டெக்னீஷியன் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். கூச்சத்தில் உடல் முறுக்கி நிற்கும் பிள்ளைக்குப் படம் சரியாக வராது. வலி அதிகமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு முதலில் வலி மருந்து கொடுத்துவிட்டுப் போங்கள். "படம் மட்டும்தான் புடிக்கப் போறாங்க, ஊசி இல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி அழுகை நின்றுவிடும்.

டெக்னீஷியன் விளக்கை எரியவிடும்போது பிள்ளையின் மேல் ஒரு சதுர வெளிச்சம் விழும். அந்தச் சதுரம் எவ்வளவு பெரிதோ அந்த இடம் முழுவதும் கதிர் படும். மணிக்கட்டுக்குப் படம் என்றால் வெளிச்சம் மணிக்கட்டைச் சுற்றித்தான் விழ வேண்டும். வயிறுவரை பரவினால், "கொஞ்சம் சின்னதா வைங்க தம்பி" என்று தன்மையாகச் சொல்லலாம். கதிரைக் குறைக்கும் வழிகளில் மிகவும் பயன் தருவது இதுதான்.

பழைய பிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுத்துப் போகும். தவறு உடனே தெரியும். இப்போதைய டிஜிட்டல் கருவியில் கதிர் அதிகமானாலும் படம் அழகாகவே வரும். அதனால் பெரியவர்களுக்கு வைத்த அளவிலேயே பிள்ளைகளுக்கும் எடுத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. "பிள்ளைக்கான செட்டிங்ல வச்சிட்டீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்து வையுங்கள் என்று 2008இல் அமெரிக்காவில் மருத்துவர்களும் டெக்னீஷியன்களும் சேர்ந்து தனி இயக்கமே தொடங்கினார்கள்.

பிள்ளையைப் பிடித்துக்கொள்ள யாராவது உள்ளே நிற்க வேண்டுமென்றால், லெட் ஏப்ரன் என்று சொல்லும் ஈய அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். கருவுற்ற தாய், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயமுள்ள தாய் நிற்கக் கூடாது. அத்தாவோ மாமாவோ பாட்டியோ நிற்கட்டும். கூட வந்த மற்ற பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்.

பிள்ளையின் அடிவயிற்றின் மேல் ஈயத் தகடு வைக்கவில்லையே என்று சிலர் சண்டை போடுகிறார்கள். பல பத்தாண்டுகளாக அது வழக்கமாக இருந்தது உண்மை. ஆனால் 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தை நிறுத்தலாம் என்று அறிவித்தது. இன்றைய கருவியில் கதிர் ஏற்கெனவே குறைவு. தகடு சற்று நகர்ந்தால் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துப் படத்தைத் திரும்ப எடுக்க வைக்கும். தானாகக் கதிர் அளவைக் கூட்டும் கருவிகளில், தகடு குறுக்கே வந்தால் கருவி கதிரைக் கூட்டியும்விடும். ஆகவே தகடு வைக்கவில்லை என்பதை வைத்து ஓரிடத்தைக் குறை சொல்ல வேண்டாம். வெளிச்சச் சதுரத்தைப் பாருங்கள்.

எங்கே எடுப்பது?

நம் நாட்டில் எக்ஸ்ரே கருவிகளைக் கண்காணிப்பது 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி வாரியத்தின் அனுமதி இல்லாமல் எக்ஸ்ரே நிலையம் நடத்தக் கூடாது. கருவியின் தரத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். வாசலில் எச்சரிக்கைக் குறியும், கருவி இயங்கும்போது எரியும் சிவப்பு விளக்கும், கருவுற்ற பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். வாரியத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. ஓட்டலில் சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று கேட்கும் நாம் இதைக் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

இது வெறும் சட்டப் பேச்சு அல்ல. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் அந்த வாரியத்தின் நிதியுதவியோடு இரண்டு ஆண்டுகளில் தமிழகத்தின் 127 சி.டி. ஸ்கேன் கருவிகளை நேரில் சென்று அளந்து, நோயாளிக்குப் படும் கதிருக்கு நம் மாநிலத்துக்கென மேற்கோள் அளவுகளை 2011இல் வெளியிட்டார்கள். அப்படி ஓர் அளவுகோல் வேண்டியிருந்ததற்குக் காரணம், ஒரே பரிசோதனைக்கு இடத்துக்கு இடம் கதிர் அளவு மாறியதுதான். எலும்புக்காகப் பிள்ளைக்கு சி.டி. எடுக்கச் சொன்னால், கதிரே இல்லாத எம்.ஆர்.ஐ. அல்லது சாதாரண எக்ஸ்ரே போதுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு எடுங்கள். சிக்கலான முறிவுகளுக்கு சி.டி.தான் சரி என்ற நிலையும் உண்டு.

கம்பி வைக்கும் ஆபரேஷனில் சி-ஆர்ம் என்ற கருவியால் உள்ளே பார்த்துக்கொண்டே செய்வார்கள். அங்கே நாம் செய்ய ஒன்றுமில்லை; பிள்ளைகளுக்கு அடிக்கடி ஆபரேஷன் செய்து பழகிய எலும்பு மருத்துவரிடம் போவதே நம்மால் முடிந்தது. 2022 ஜனவரி முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரை இராஜாஜி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான்.

பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள்

பிள்ளைக்கு எடுத்த எல்லாப் படங்களையும் ஒரே உறையில் போட்டு, தேதி, எடுத்த இடம், எந்தப் பகுதி என்று மேலே எழுதி வையுங்கள். பிலிமை மடிக்க வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் தாள் வைத்து, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் சி.டி.யிலோ பென் டிரைவிலோ பதிந்து தரச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து போனில் எடுத்த வாட்ஸ்அப் படம் மருத்துவருக்குப் பெரும்பாலும் போதாது. அதைப் பார்த்துவிட்டு அவர் புதிதாக எடுக்கத்தான் சொல்வார். ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது முதலில் உறையை நீட்டி, "இது போன வாரம் எடுத்தது, இதுவே போதுமா?" என்று கேளுங்கள்.

நம் அறக்கட்டளையில் எலும்பு முறிவுக்கான மருத்துவ உதவி கேட்டு விண்ணப்பிப்பவர்கள், விண்ணப்பத்துக்கென்று புதிய எக்ஸ்ரே எடுத்து இணைக்க வேண்டாம். மருத்துவர் எழுதிய சீட்டும் ஏற்கெனவே எடுத்த படமும் போதும். படத்தைப் பார்த்துவிட்டு அன்றே உங்களிடம் திருப்பித் தந்துவிடுகிறோம். படங்களை வைக்க உறை இல்லாதவர்கள் ஜுமுஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தேதியும் உடல் பகுதியும் எழுதக் கட்டம் போட்ட அட்டை ஒன்றும் அதோடு தருகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு அதை நிரப்பிக் கொடுக்கவும் அலுவலகத்தில் ஆள் இருப்பார்.